நிச்சயத்துக்குச் சுட்ட பிஸ்கோச்சீத்தோ

பிப்ரவரி 6, 2014, வியாழன்

ஜனவரி முழுக்க ஆட்டி வைத்த சளி ஒருவழியாக விட்டது. இருமல் இல்லை, மூக்கடைப்பு இல்லை. ஆனால் நான் படுத்திருந்த நேரம் பார்த்து மோரா பள்ளத்தாக்கே கூடிப் பேசி என்னை ஏமாற்ற முடிவு செய்துவிட்டது போலிருக்கிறது. மிளகாய்த்தூள் வாங்கினேன். போன அறுவடை என்று கடைக்காரன் தன் தாய் மேல் சத்தியம் செய்தான். வாயில் வைத்தால் எரிகிறது, ருசி என்று ஒன்று இல்லை. திரும்பப் போய்ப் பிடிபிடியென்று பிடித்தேன். அவன் என்னைப் பார்த்த பார்வையைப் பார்க்க வேண்டுமே!

காபியும் வெந்நீர்தான். டப்பாவில் படம் மட்டும் மாறவில்லை.

ஞாயிறன்று பிரெந்தோரியோ. மாப்பிள்ளை வீட்டார் வந்து, முறைப்படி பெண் கேட்டு, இரண்டு குடும்பமும் கை குலுக்கும் நாள். ரெனே போனில் மூன்று முறை சொல்லிவிட்டாள். "அப்பா, பழசு எதையும் கிளறாதீங்க. ஜெரோமோட அம்மாகிட்ட சிரிச்ச முகமா இருங்க." நான் எப்போது கிளறினேன்? இருபது வருடத்துக்கு முன் வாய்க்கால் பொறுப்பு என் கையில் இருந்தபோது, தூர் வார ஆள் அனுப்பாத கின்டானா வீட்டுக்கு, அதாவது ஜெரோமின் வீட்டுக்கு, மடையை அடைத்தேன். அது சட்டம். அவர்களுடைய பயிர் காய்ந்தது என் குற்றமா?

பிப்ரவரி 8, சனி

பன்னிரண்டு டஜன் பிஸ்கோச்சீத்தோ, எங்கள் ஊர்ச் சோம்பு பிஸ்கட். நவம்பரில் பன்றி அடித்தபோது உருக்கி வைத்த கொழுப்பில் கடைசி டப்பாவைத் திறந்தேன். கொழுப்பு, சர்க்கரை, மாவு, முட்டை, சோம்பு, ஒரு சிட்டிகை உப்பு. சுட்டதும் லவங்கப்பட்டையும் சர்க்கரையும் கலந்து அதில் புரட்டினால் முடிந்தது. கோவேறு கழுதைக்குக் கை இருந்தால் அதுவே சுட்டுவிடும் என்று என் மனைவி பெர்னிஸிடம் சொல்வேன். அவள் சுட்டதெல்லாம் கல்லாக வந்ததால் அப்படிச் சொல்லிச் சீண்டுவது. அவள் போய் ஆறு வருடம் ஆகிறது. மகள் நிச்சயத்துக்கு அப்பன் கையால்தான் பலகாரம்.

பழைய சோம்பு தீர்ந்துவிட்டதால் புதுப் பொட்டலம் பிரித்தேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

பிரமாதம்!

கின்டானா வீட்டிலிருந்து ஒன்பது பேர். ஜெரோமின் அம்மா ஓர்லிண்டா கறுப்புக் கோட்டில் முதலில் இறங்கினாள். விதவை, கீழ்மடையில் மகனோடு ஆடு வளர்ப்பவள். எனக்கு வாய் துடுக்கு என்றால் அவளுக்குப் பார்வையே துடுக்கு. ஜெரோமின் பெரியப்பா முறைப்படி பெண் கேட்டார். ரெனே மோதிரம் போட்டுக்கொண்டாள்.

பிறகு தட்டு சுற்றி வந்தது. ஓர்லிண்டா ஒன்றை எடுத்துக் கடித்தாள். கடித்தவள் அப்படியே நின்று என்னைப் பார்த்தாள். நேருக்கு நேர். நான் சிரித்த முகமாக இருந்தேன். வாக்கு கொடுத்திருக்கிறேனே. அவள் மகனைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். இரண்டாவதை எடுத்துத் தின்றாள். மூன்றாவதையும்! கிளம்பும்போது என் கையைப் பிடித்து, "இதை நான் மறக்கவே மாட்டேன், சம்பந்தி" என்றாள்.

இருபது வருடப் பகை மூன்று பிஸ்கோச்சீத்தோவில் போயிற்று. யார் யாரோ வக்கீல் வைக்கிறார்கள். ஒருவர் தட்டிலும் மிச்சம் இல்லை. எல்லோரும் காபியை மட்டும் இரண்டு மூன்று கோப்பை குடித்தார்கள்.

பிப்ரவரி 20

இது மூன்றாவது காபி டப்பா. இதுவும் ஏமாற்று.

மார்ச் 7, வெள்ளி

தவக்காலத்தின் முதல் வெள்ளி. கோயில் கூடத்தில் எல்லோரும் ஆளுக்கொன்று கொண்டுவந்து சாப்பிடும் இரவு. அர்ரோஸ் துல்ஸே என்கிற பால்சோறு இரண்டு பேர், நத்தீயாஸ் என்கிற முட்டைப்பால் கூழ் நாலு பேர். பாலும் முட்டையும் கலக்குவது சுலபம் என்று எல்லோரும் அதிலேயே விழுகிறார்கள். நான் கப்பிரோத்தாதா. சர்க்கரையைக் கருக்கிப் பாகு எடுத்து, வறுத்த ரொட்டி, திராட்சை, சீஸ் மேல் ஊற்றி அடுப்பில் வைப்பது. பாகு கொஞ்சம் அடர்ந்த நிறமாக வந்தது. நிறம்தானே அழகு.

திரும்பி வரும்போது என் தட்டு காலி. கழுவிக்கூட வைத்திருந்தார்கள்.

மார்ச் 11, செவ்வாய்

ரெனே போன். கல்யாண விருந்து இங்கே கூடத்தில் வேண்டாமாம், டவுனில் மண்டபமாம். பலகாரம் எல்லாம் மாப்பிள்ளை வீட்டாரே பேக்கரியில் சொல்லிவிடுவார்களாம். பெண் வீட்டிலிருந்து ஒரு துண்டுகூட வரக் கூடாதாம்.

வரக் கூடாதா? கையைப் பிடித்து மறக்க மாட்டேன் என்றவள்தானே!

"என்னம்மா நடந்துச்சு?" என்றேன். அவள் திருப்பிக் கேட்டாள்: "அப்பா, நீங்க வேணும்னே அப்படிப் பண்ணலையே?"

"எதை?"

"ஒண்ணும் இல்ல, விடுங்க." அழுகிறாள் என்று குரலில் தெரிந்தது. வைத்துவிட்டாள்.

என்ன பண்ணினேன் நான்? வாய்க்காலையா? அது இருபது வருடம் ஆயிற்றே. பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றேனே அன்று முழுக்க!

மார்ச் 15, சனி

எழுத்து கோணலாக இருந்தால் இருக்கட்டும்.

காலையில் பீன்ஸை அடுப்பில் வைத்துவிட்டு வெளியே விறகு பிளக்கப் போனேன். அது பொங்கி வழிந்து சுடரை அணைத்திருக்கிறது. கேஸ் மட்டும் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. நான் உள்ளே வந்தேன். ஒன்றும் தெரியவில்லை. ஒன்றுமே. கணப்பு அடுப்பின் முன் மண்டியிட்டுத் தீப்பெட்டியைத் திறந்தேன். குச்சியை எடுத்துவிட்டேன்.

வயோலா அப்போதுதான் கதவைத் திறந்தாள். என் தங்கை ஐந்தடிகூட இல்லை. என் சட்டைக் காலரைப் பிடித்து நாயை இழுப்பது போல் முற்றம் வரை இழுத்துப் போட்டாள்.

"அண்ணே! சாகப் பாத்தியா? சாகணும்னு நெனச்சியா? உண்மையைச் சொல்லு!"

"என்னடி ஆச்சு உனக்கு?"

"வாசல்லயே குடலைப் பிடுங்குது கேஸ் நாத்தம்! உனக்குத் தெரியலையா?"

தெரியலையே.

பனியில் உட்கார்ந்திருந்தோம். அவள் அழுதாள், அடித்தாள், மறுபடி அழுதாள். தீக்குச்சி என் விரலிலேயே இருந்தது.

மார்ச் 16, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. சமையலறையில் இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்தேன். வெங்காயத்தை வெட்டினேன், கண் எரிந்தது, வாசனை இல்லை. பூண்டு இல்லை. காபி இல்லை. லவங்கப்பட்டை வெறும் மரத்தூள். டிரக்கின் பெட்ரோல் மூடியைக் கழற்றி மூக்கை வைத்தேன். காற்று வருகிறது, அவ்வளவுதான். பெர்னிஸின் கம்பளிக் கோட்டை அலமாரியிலிருந்து எடுத்தேன். ஆறு வருடமாக அதைத் துவைக்கவில்லை. ஏன் என்று எழுத வேண்டியதில்லை. கம்பளி மூக்கில் உறுத்தியது. வேறொன்றும் இல்லை.

எத்தனை நாளாக? ஜனவரியிலிருந்தா? அப்படியானால் மிளகாய்? காபி? ஐயோ, அந்தக் கடைக்காரன்!

சாயங்காலம்

சோம்பையும் முகர்ந்து பார்க்கலாம் என்று எடுத்தேன். அதுவும் இல்லை. பொட்டலத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்க் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன்.

சீரகம்.

ஆணியில் இரண்டு பொட்டலமும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும். முப்பது வருடமாகக் கையை விட்டு எடுப்பேன், மூக்குச் சொல்லிவிடும். எழுத்தைப் படித்ததே இல்லை. அன்றும் படிக்கவில்லை.

பன்னிரண்டு டஜன். சர்க்கரை புரட்டிய சீரகம். மகள் நிச்சயத்துக்கு.

மூன்று தின்றாளே அவள். மூன்று!

மார்ச் 17, திங்கள்

வயோலாவை வரச் சொல்லி நேராகக் கேட்டேன்.

"நிச்சயத்தன்னைக்கு நீயும் தின்னியா?"

தலையைக் குனிந்துகொண்டாள். "தின்னேன்."

"எப்படிடீ இருந்துச்சு?"

"வீட்டுக்குப் போய் ரெண்டு தடவை பல் வெளக்கினேன்."

"ஏன்டீ சொல்லலை? கூடப் பொறந்தவ தானே நீ?"

"நீ அவ்ளோ சந்தோஷமா நின்னே அண்ணே. எல்லாரும் முழுங்கினாங்க, நானும் முழுங்கினேன். பெர்னிஸ் அண்ணி போனதுக்கு அப்புறம் நீ அப்படிச் சிரிச்சு நான் பாக்கலை."

"அப்போ கப்பிரோத்தாதா? தட்டு காலியா வந்துச்சே!"

வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். பாகு கரியாகத் தீய்ந்திருந்ததாம். நாலு பெண்கள் சேர்ந்து குப்பையில் சுரண்டிப் போட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தார்களாம். "உனக்குக் கஷ்டமா இருக்கக் கூடாதுன்னுதான்" என்கிறாள்.

நல்ல மனிதர்கள்! பாவிகள்! ஊரே நல்லவர்கள்! ஒருத்தராவது துப்பியிருக்கக் கூடாதா? ஒருத்தர் "த்தூ, என்னய்யா இது" என்று சொல்லியிருந்தால் நான் அன்றே கண்ணாடியைப் போட்டிருப்பேனே. தீக்குச்சி வரை போயிருக்காதே.

மார்ச் 19, புதன்

டாக்டர் வயதில் ரெனேயைவிடச் சின்னவள். சளியோடு மோப்ப நரம்பு போய்விட்டதாம். "சிலருக்கு வரும், சிலருக்கு வராது." எப்போது வரும்? "சொல்ல முடியாது." வராது என்றால் எப்போது தெரியும்? "அதுவும் சொல்ல முடியாது." இதை வயோலாவே சொல்லியிருப்பாள், காத்திருக்க வைக்காமல்.

வயோலாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். ரெனேயிடம் மூச்சு விடக் கூடாது. தெரிந்தால் அடுத்த நாளே அடுப்பைப் பிடுங்கிவிட்டு என்னை டவுனுக்குக் கொண்டுபோய்த் தன் பின்னறையில் வைத்துவிடுவாள். ஓர்லிண்டாவுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று இப்போது புரிகிறது. வேண்டுமென்றே செய்தேன் என்று நினைத்துவிட்டாள். நினைக்கட்டும். கெட்டவன் என்று பெயர் எடுத்தாலும் எடுப்பேன், பாவம் என்று பெயர் எடுக்க மாட்டேன்.

மார்ச் 21, வெள்ளி

ரெனே வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. விரலில் மோதிரம் இல்லை.

நான் விரலையே பார்ப்பதைக் கவனித்துவிட்டுச் சொன்னாள்: "பர்ஸ்ல இருக்கு. இன்னும் திருப்பிக் குடுக்கலை."

"ஏன்மா?"

"அவங்க அம்மா கல்யாணத்துக்கு வர மாட்டாங்களாம். உங்க பக்கத்துல ஒரே மேசையில உக்கார மாட்டாங்களாம். ஜெரோம் பரவாயில்லங்கறான். எனக்குப் பரவாயில்லையா அப்பா? நாளைக்கு ஒரு குழந்தை பொறந்தா, ரெண்டு பக்கமும் முகத்தைத் திருப்பிக்கிட்டு நிக்கிற வீட்டுலயா வளரும்? அதுக்குக் கல்யாணமே வேண்டாம்."

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்கலாம். திறந்திருக்க வேண்டும். பெற்ற பெண் கண்ணெதிரே உடைகிறாள், நான் என் மூக்கைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். என்ன மனுஷன் நான்?

கதவில் நின்று திரும்பிக் கேட்டாள்: "ஒரே ஒரு தடவை சொல்லுங்க. வேணும்னு பண்ணினீங்களா?"

"இல்லம்மா."

"அப்புறம் எப்படி?"

நான் குனிந்து கணப்பில் விறகைத் தள்ளினேன். போய்விட்டாள்.

மார்ச் 22, சனி

போனேன்.

டிரக்கை எடுக்கவில்லை. வாய்க்கால் கரையோடு நடந்து கீழ்மடைக்குப் போனேன். இரண்டு மைல். பாதியில் இரண்டு முறை திரும்பினேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

ஓர்லிண்டா கதவைத் திறந்தாள், விலகவில்லை. "என்ன சம்பந்தி, இந்தத் தடவை என்ன கொண்டாந்தீங்க?"

"ஒண்ணும் கொண்டாரலை. எனக்கு மோப்பம் போச்சு."

"என்னது?"

"மூக்கு வேலை செய்யலை. ஜனவரியிலேருந்து. சோம்புன்னு நெனச்சுச் சீரகத்தைப் போட்டேன், தெரியாம பண்ணிட்டேன். எனக்கே போன ஞாயித்துக்கிழமைதான் தெரியும்." மூச்சு விடாமல் சொன்னேன். விட்டிருந்தால் ஓடியிருப்பேன்.

கையைக் கட்டிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நல்ல கதை. ஒண்ணரை மாசம் உக்காந்து யோசிச்சீங்களா?"

"சத்தியமா."

"சத்தியம் யார் வேணா பண்ணலாம். உள்ள வாங்க. உக்காருங்க. கண்ணை மூடுங்க."

மூடினேன். ஏதோ உருட்டும் சத்தம். மூக்கின் கீழே எதையோ பிடித்தாள். "இது என்ன?"

மூச்சை நன்றாக இழுத்தேன். கடவுளே, ஏதாவது வரட்டும் என்று இழுத்தேன். "தெரியலை."

"இன்னும் கிட்ட. நல்லா இழுங்க. இப்போ?"

சும்மா இருந்தால் நம்ப மாட்டாளோ என்று ஒன்றைச் சொல்லிவைத்தேன். "பூ... ஏதாவது பூவா?"

கண்ணைத் திறந்தேன். ஜெரோமின் பூட்ஸ். ஆட்டுப் பட்டியிலிருந்து வந்து அப்போதுதான் கழற்றியது. அடியெல்லாம் ஈரச் சாணி. என் மீசையிலிருந்து ஓர் அங்குலத்தில்.

ஓர்லிண்டா சிரிக்க ஆரம்பித்தாள். மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது, எழுந்தேன். அப்போதுதான் பார்த்தேன், அந்தச் சிரிப்பு எப்போதோ நின்று போயிருந்தது. பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"நான் என்ன நெனச்சேன் தெரியுமா? அன்னைக்கு எங்க தண்ணியை அடைச்சான், இன்னைக்கு என் பையன் நிச்சயத்துல நடுக்கூடத்துல வச்சு என் வாயிலயும் மண்ணைப் போடறான்னு நெனச்சேன். அதுலயும் சிரிச்சுக்கிட்டு வேற நின்னீங்க!"

"என் பொண்ணு சிரிக்கச் சொன்னா."

"துப்பியிருப்பேன் சம்பந்தி. ஜெரோம் என்னையே பாத்துக்கிட்டு இருந்தான். நான் துப்பினா அவன் வாழ்க்கை அன்னைக்கே முடிஞ்சுதுன்னு தோணுச்சு. உங்ககிட்ட தோத்துடக் கூடாதுன்னு இன்னும் ரெண்டு எடுத்துத் தின்னேன். ராத்திரி முழுக்க ஏப்பம்."

வாய்க்கால் விஷயத்தையும் பேசினோம். அந்த வருடம் அவள் கணவன் ஆள் அனுப்பாதது திமிரால் இல்லையாம். ஆஸ்பத்திரியில் கிடந்தானாம், வெளியே சொல்லக் கூச்சப்பட்டானாம். எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. மடையை அடைத்துவிட்டுச் சட்டம் பேசினேன். இதற்கு என்ன சொல்வது? "தெரியாம பண்ணிட்டேன்" என்றேன். ஒரே நாளில் இரண்டு தடவை அதே வார்த்தை.

"ரெனேகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்லை."

போனை எடுத்து என் முன்னால் வைத்தாள். எண்ணையும் அவளே அழுத்தினாள்.

மார்ச் 23

ரெனே காலை ஏழு மணிக்கே வந்துவிட்டாள். கேஸ் விஷயத்தையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். என் மேல் கையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மோதிரம் மறுபடி விரலில் இருந்தது.

மார்ச் 30

ஜெரோம் வந்து கேஸ் கசிந்தால் கத்தும் பெட்டியைச் சுவரில் மாட்டினான். டவுன் பின்னறைப் பேச்சு இப்போதைக்கு இல்லை. மிளகாய்க்காரனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் அதற்கும் ஒரு மாதிரிதான் பார்த்தான்.

மே 29, வியாழன்

கல்யாணத்துக்கு அறுபது டஜன். பெண் வீட்டுப் பலகாரம் பெண் வீட்டிலிருந்தே வர வேண்டும் என்று சொன்னது ஓர்லிண்டா. இன்று மாவு பிசைய அவளும் வந்துவிட்டாள். நான் பிசைவது, உருட்டுவது, வெட்டுவது. அவள் முகர்வது. இப்படி அதட்டும் பெண்ணை நான் வாழ்நாளில் பார்த்ததில்லை.

"சோம்பு பத்தாது."

"முப்பது வருஷமா இந்த அளவுதான்."

"முப்பது வருஷமாப் பத்தலை. போடுங்க."

போட்டேன். கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்தைப் படித்த பிறகு.

ஜூன் 1, ஞாயிறு

நேற்றுக் கல்யாணம் முடிந்தது.

ரெனேயைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பக்கம் நனைகிறது, அதனால் வேண்டாம். ஓர்லிண்டாவும் நானும் ஒரே மேசையில் உட்கார்ந்தோம். கூடத்தில் நிற்க இடமில்லை.

பலகாரத் தட்டு கிளம்பியது. வருகிறவர் போகிறவர் எல்லாம் தோளைத் தட்டினார்கள். "பிரமாதம், பெலார்மினோ." "வாயில வச்சா கரையுது." "உன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்." ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தேன். நன்றாக இருந்தாலும் இதே முகம்தான், சீரகத்துக்கும் இதே முகம்தான் வைத்திருந்தார்கள். நான் ஒன்றை எடுத்துக் கடித்தேன். இனிப்பு, மொறுமொறுப்பு. அதற்கு மேல் என் நாக்குக்கு எதுவும் தெரியாது. வயோலாவிடம் கேட்டேன். "ரொம்ப நல்லா இருக்குண்ணே" என்றாள். பிப்ரவரியில் பல் விளக்கப் போனவள்! மகள் கல்யாணத்தில், நூற்றைம்பது பேர் நடுவில், யார் சொன்னதையும் நம்ப முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஓர்லிண்டா வாயில் ஒன்றைப் போட்டு நிதானமாக மென்றாள். பாதி மென்றதும் முகத்தைச் சுளித்துத் துணியில் துப்பினாள். என் எதிரில், அத்தனை பேருக்கு முன்னால்.

"அடி தீஞ்சிருக்கு சம்பந்தி."

"எல்லாமா?"

இன்னொன்றை எடுத்தாள், வேறு தட்டிலிருந்து. தின்றாள். மற்றொன்று. தலையை ஆட்டினாள். "இல்ல. இந்த ஒரு தட்டுதான். நான் போன் பேசப் போன நேரத்துல சுட்டது. பாத்துக்கங்கன்னு சொல்லிட்டுத்தானே போனேன்?"

அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். மற்ற தட்டுகளை மேசையிலேயே விட்டுவிட்டாள்.

நான் இன்னொன்று எடுத்துத் தின்றேன்.